அரைத்த மாவிலிருந்து அரிசிக்கு

எங்கள் தெருமுனையில் இட்லி மாவு விற்கும் அக்கா ஒரு நாள் சாயங்காலம் பாக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டு, மீதிச் சில்லறையைத் தராமல் நிறுத்திக்கொண்டு கேட்டார்.

"தம்பி, நீங்க கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுற ஆளுதானே? மாசம் இருபத்தஞ்சாயிரம் என் கையில நிக்கணும். அதுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிலோ விக்கணும்?"

எத்தனை கிலோ விற்றால் எவ்வளவு மிஞ்சும் என்பது அவருக்குத் தெரியும். பத்து வருடமாக அந்தக் கணக்கை மனத்திலேயே போட்டு வருகிறார். இப்போது அவர் கேட்டது அதன் தலைகீழ். முடிவு இதுதான் என்று வைத்துக்கொண்டு, அது வருவதற்கு ஆரம்பத்தில் என்ன இருந்திருக்க வேண்டும் என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தால், வாழ்க்கையில் நாம் உண்மையிலேயே கவலைப்பட்டுக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இந்த மாதிரிதான். பிளஸ் டூ முடித்த பையன், இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்கிக் கூட்டினால் 91 வருகிறது, கட் ஆஃப் 190 ஆக வேண்டுமானால் கணக்கில் எத்தனை எடுத்திருக்க வேண்டும் என்று கேட்கிறான். (99.) ஐந்து வருடத்தில் வீட்டுக்கு மாடி கட்ட நினைக்கும் தம்பதி, அதற்கு மாதம் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். பள்ளிக்கூடம் நமக்குப் பெரும்பாலும் காரணத்திலிருந்து விளைவுக்குப் போகக் கற்றுக்கொடுத்தது. வீட்டிலும் கடையிலும் விளைவிலிருந்து காரணத்துக்குத் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

அந்தத் திரும்பும் வழியைப் பற்றியது இந்த அத்தியாயம். அக்காவின் மாவுக் கடையை விட்டு நாம் அதிகம் விலகப் போவதில்லை.

முதலில் நேர்க்கணக்கு

திரும்பி வர வேண்டுமானால் போன பாதை தெரிந்திருக்க வேண்டும். அதனால் அக்காவின் வரவு செலவை முதலில் நேராக எழுதிக்கொள்வோம்.

நாலு கிலோ இட்லி அரிசிக்கு ஒரு கிலோ உளுந்து போடுகிறார். அரிசி கிலோ 45 ரூபாய், உளுந்து 130. ஆக ஐந்து கிலோ தானியத்துக்கு 310 ரூபாய். அது ஊறி, தண்ணீர் வாங்கி, கிரைண்டரில் பொங்கி வரும்போது பன்னிரண்டரை கிலோ மாவாகிறது. ஒரு கிலோ மாவுக்குத் தானியச் செலவு 24 ரூபாய் 80 காசு. வெந்தயம், உப்புக்கு 70 காசு, பாக்கெட் கவருக்கு ஒன்றரை ரூபாய், கரன்ட்டுக்கு ஒரு ரூபாய். மொத்தம் 28. விற்பது 50-க்கு. கிலோவுக்கு 22 ரூபாய் நிற்கிறது.

இது போக, ஒரு கிலோ விற்றாலும் நூறு கிலோ விற்றாலும் மாறாத செலவுகள் இருக்கின்றன. கடை வாடகை 6,000. உதவிக்கு வரும் பெண்ணின் சம்பளம் 9,000. பெரிய கிரைண்டரும் ஃபிரிட்ஜும் வாங்கிய கடனுக்கு மாதத் தவணை 3,500. தண்ணீர், துணி, மற்றவை 1,500. கூட்டினால் 20,000. அக்காவின் சொந்த உழைப்புக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை. காலை நாலு மணிக்கு எழுந்து உளுந்து களைகிற அந்தக் கைக்குக் கூலி, கடைசியில் மிஞ்சுவதுதான். அவர் கேட்கும் இருபத்தைந்தாயிரத்தைப் பேராசை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இப்போது நாளுக்கு 50 கிலோ போகிறது. முப்பது நாளும் கடை உண்டு, ஞாயிற்றுக்கிழமையில்தான் கூட்டமே. மாதம் 1,500 கிலோ, கிலோவுக்கு 22 என்றால் 33,000. அதில் 20,000 போக, கையில் 13,000.

இதைக் கணினியில் ஒரு விரிதாளில் எழுதினேன். குறுக்கும் நெடுக்கும் கோடு போட்ட பெரிய தாள்தான் விரிதாள். எக்செல் அதில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். அதன் ஒவ்வொரு சதுரமும் ஒரு கட்டம். கட்டங்களில் இரண்டு வகை உண்டு. நாமே எண்ணைத் தட்டி வைப்பது ஒரு வகை: அரிசி விலை, விற்கும் விலை, நாளுக்கு எத்தனை கிலோ. இவற்றைக் கைக்கட்டம் என்று சொல்வோம். மற்ற கட்டங்களைப் பார்த்துத் தானே கூட்டிப் பெருக்கி நிரம்பிக்கொள்வது இன்னொரு வகை. அது கணக்குக்கட்டம். அக்காவின் தாளில் கடைசிக் கணக்குக்கட்டம் "கையில் நிற்பது". கைக்கட்டத்தில் 50-ஐ அழித்து 60 என்று அடித்தால், கடைசிக் கட்டத்தில் 13,000 மறைந்து 19,600 வந்து நிற்கிறது. அக்கா இதைப் பார்த்துவிட்டு, "உளுந்தை 150 ஆக்குங்க, போன வருசம் அப்படித்தான் ஏறிச்சு" என்றார். ஆக்கினேன். 60 கிலோ விற்றும் 16,720-க்கு இறங்கியது. அவர் முகமும் இறங்கியது.

கரும்பலகையில் பிறந்த தாள்

"இது இப்படி ஆனால் அது என்ன ஆகும்" என்று கேட்டுக் கேட்டுப் பார்க்கும் இந்தப் பழக்கம்தான் விரிதாளுக்கே தாய். 1978-இல் ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் டான் பிரிக்லின் என்ற மாணவர் படித்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு நிறுவனத்தின் கணக்கைக் கட்டம் கட்டமாக எழுதுவார். நடுவில் ஒரு எண் மாறினால், அதைத் தொட்டு வரும் எல்லா எண்களையும் துடைத்துத் திரும்ப எழுத வேண்டும். ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமே மாறிக்கொள்ளும் பலகை இருந்தால் எப்படி இருக்கும் என்று அவர் கனவு கண்டார். நண்பர் பாப் ஃபிராங்ஸ்டன் அதற்கு நிரல் எழுதினார். 1979-இல் ஆப்பிள் II கணினிக்கு விசிகால்க் வந்தது. 1983-இல் லோட்டஸ் 1-2-3, 1985-இல் மெக்கின்டாஷ் கணினிக்கு எக்செல். அதுவரை பெரும்பாலும் விளையாட்டுச் சாமானாகவே பார்க்கப்பட்ட சின்னக் கணினியைக் கணக்கெழுதும் மேஜைக்குக் கொண்டுவந்ததில் விசிகால்க்கின் பங்கு பெரிது.

ஆனால் பிரிக்லின் கண்ட பலகை முன்னோக்கித்தான் ஓடும். அக்காவின் கேள்வி பின்னோக்கி வருகிறதே?

ஆரியபட்டர் வழி

பின்னோக்கி வருவதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. 499-இல் எழுதப்பட்ட ஆரியபட்டீயத்தின் கணிதப் பகுதியில் ஆரியபட்டர் இதை விதியாகவே வைத்திருக்கிறார். போகும்போது பெருக்கியிருந்தால் வரும்போது வகு. கூட்டியிருந்தால் கழி. கழித்திருந்தால் கூட்டு. வாசல் தாண்டி, தெரு தாண்டி, கோயில் திரும்பிப் போனவன் வீட்டுக்கு வரும்போது கோயில், தெரு, வாசல் என்று வருவது போலத்தான்.

அக்காவின் கணக்கில் கடைசியாகச் செய்தது 20,000-ஐக் கழித்தது. ஆகவே திரும்பும்போது முதலில் அதைக் கூட்ட வேண்டும். 25,000-உடன் 20,000 சேர்த்தால் 45,000. அதற்கு முன்னால் கிலோவுக்கு 22 என்று பெருக்கினோம். 45,000-ஐ 22-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 2,045 கிலோவும் கொஞ்சமும். அதையும் 30-ஆல் வகுத்தால் நாளுக்கு 68.18 கிலோ. அதாவது 69 பாக்கெட். காகிதத்தின் ஓரத்தில் முடிந்துவிட்டது. கணினியே தேவைப்படவில்லை.

"அறுபத்தொம்பதா?" அக்கா யோசித்தார். "அறுபதுக்கு மேல இந்தத் தெருவுல போகாது தம்பி. அதுக்கு மேல அரைச்சா மளிகைக் கடைக்குத்தான் போடணும். அவங்க கிலோவுக்கு 44 தான் குடுப்பாங்க."

நான் எழுதிய தாளில் இது இல்லை. கடைக்காரரிடம் கேட்காமல் கணக்குப் போட உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும்.

பாதை இரண்டாகப் பிரியும் இடம்

தாளைத் திருத்தினோம். நாளுக்கு முதல் 60 கிலோ வரை 50 ரூபாய். அதற்கு மேல் போவதெல்லாம் 44. அறுபதுக்கு உள்ளே கிலோவுக்கு 22 நிற்கும். அதைத் தாண்டினால் 16 தான்.

முன்னோக்கிப் போக இதில் ஒரு சிரமமும் இல்லை. 70 கிலோ என்றால், 60 கிலோவில் மாதம் 39,600, மீதிப் பத்துக் கிலோவில் 4,800, ஆக 44,400. அதில் 20,000 போக 24,400. ஆனால் பின்னோக்கி வரும்போது ஒரு முட்டுக்கட்டை. 45,000-ஐ எதனால் வகுப்பது? 22-ஆலா, 16-ஆலா? விடை அறுபதுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரிந்தால்தான் அதைச் சொல்ல முடியும். விடையையோ இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஒரே ஒரு பிரிவு என்றால் இரண்டு பக்கமும் போய்ப் பார்த்துவிடலாம். அன்றாடக் கணக்கில் பிரிவுகள் பெருகிக்கொண்டே போகும். மின்கட்டணம் யூனிட்டுக்கு ஏற்பப் படிப்படியாக ஏறும். மூட்டையாக வாங்கினால் அரிசி விலை குறையும். ஒவ்வொன்றையும் தலைகீழாக்கி வருவதற்குள் கை சோர்ந்துவிடும்.

அதைவிடக் கடினமான கணக்கும் அக்காவின் கடையிலேயே இருந்தது. கடனாக வாங்கியது ஒரு லட்சம். மாதம் 3,500 வீதம் 36 தவணை. மொத்தம் கட்டுவது 1,26,000. கடன் கொடுத்தவர்கள் கணக்கு இப்படி: வட்டி 26,000, மூன்று வருடம், ஆக வருடத்துக்கு எட்டே முக்கால் சதவீதம்கூட இல்லை. அக்காவும் அதை நம்பியிருந்தார். ஆனால் முழு ஒரு லட்சம் மூன்று வருடமும் அவர் கையில் இருக்காதே. முதல் தவணை கட்டிய அன்றே அசல் குறையத் தொடங்கிவிட்டது. கடைசி மாதத்தில் அவரிடம் மிச்சமிருக்கும் கடன் 3,500-ஐயும் தொடாது. மிச்சமிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால், உண்மையான வட்டி எத்தனை சதவீதம்?

வட்டி தெரிந்தால் தவணையைச் சொல்வது எளிது. தவணையிலிருந்து வட்டிக்குத் திரும்பி வர, ஆரியபட்டர் வழியில் ஒரு படிகூட எடுத்துவைக்க முடியாது. ஒவ்வொரு மாதமும் வட்டி மிச்சமிருக்கும் அசலைத் தொடுகிறது. அந்த அசல் முந்தைய மாத வட்டியால் மாறியிருக்கிறது. தேடும் எண் முப்பத்தாறு இடங்களிலும் கரைந்து கிடக்கிறது. அரைத்த மாவிலிருந்து அரிசியைத் தனியாக எடுப்பது மாதிரிதான் இதுவும்.

அப்படியானால் என்ன செய்வது? அரிசியைத் திரும்ப எடுக்க முடியாதுதான். ஆனால் வேறு அரிசியைப் போட்டு இன்னொரு முறை அரைத்துப் பார்க்கலாம்.

ஊகித்துப் பார், திருத்திப் பார்

கி.மு. 1550 வாக்கில் அஹ்மெஸ் என்ற எகிப்திய எழுத்தர் நாணற்புல் சுருள் ஒன்றில் கணக்குகளைப் படியெடுத்து வைத்தார். இன்று அது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரு கணக்கு: ஒரு குவியல், அதோடு அதன் ஏழில் ஒரு பங்கு, இரண்டும் சேர்ந்து 19. குவியல் எவ்வளவு? செய்முறை 7 என்று வைத்துக்கொள்வதில் தொடங்குகிறது. அது சரியான விடை இல்லை என்பது தெரிந்தேதான். ஏழில் ஒரு பங்கு எளிதாக வருமே என்று 7. ஏழும் ஒன்றும் எட்டு. வர வேண்டியது 19. எட்டைப் பத்தொன்பதாக்க எத்தனை மடங்கு வேண்டுமோ அத்தனை மடங்கு ஏழையும் பெருக்கினால் பதினாறும் எட்டில் ஐந்து பங்கும். அதுதான் விடை.

1150-இல் லீலாவதி எழுதிய பாஸ்கரர் இந்த முறைக்கு இஷ்டகர்மம் என்று பெயர் வைத்திருக்கிறார். இஷ்டப்பட்ட ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு கணக்கைச் செய்து பார்ப்பது. சீனாவின் பழைய கணித நூலான ஒன்பது அத்தியாயங்களில் ஏழாவது அத்தியாயம் முழுவதும் இதற்கு அடுத்த படி. அங்கே ஒன்றுக்கு இரண்டு ஊகம். ஒன்று மிகையாக வரும், ஒன்று குறைவாக வரும், இரண்டையும் வைத்து நடுவில் இருக்கும் உண்மையைப் பிடிக்கிறார்கள். எனக்கு இந்த முறையில் பிடித்தது இதுதான்: தப்பான விடையை யாரும் தூக்கி எறிவதில்லை. எவ்வளவு தப்பு என்று அளந்து, அந்த அளவையே அடுத்த அடிக்கு வழியாக்கிக்கொள்கிறார்கள்.

அக்காவின் கணக்கில் செய்து பார்ப்போம். இலக்கு 25,000.

முதல் ஊகம் 50 கிலோ: கையில் 13,000. இரண்டாவது ஊகம் 70 கிலோ: 24,400. இருபது கிலோ கூடியதற்கு 11,400 கூடியிருக்கிறது. சராசரியாகக் கிலோவுக்கு 570. இன்னும் 600 தேவை. கிலோவுக்கு 570 என்றால் ஒரு கிலோவும் ஐம்பது கிராமும் போதும். ஆக மூன்றாவது ஊகம் 71.05.

அதைத் தாளில் அடித்தால் 24,904 வருகிறது. 96 ரூபாய் குறைகிறது. ஏன் குறைந்தது? 570 என்பது அறுபதுக்கு இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் கலந்து எடுத்த சராசரி. இப்போது கடைசி இரண்டு ஊகங்களை மட்டும் பார்க்கிறோம். 70-லிருந்து 71.05-க்கு, 1.05 கிலோவுக்கு 504 ரூபாய் ஏறியிருக்கிறது. கிலோவுக்கு 480. குறையும் 96-க்கு 200 கிராம். நான்காவது ஊகம் 71.25.

அடித்தேன். 25,000. ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இதில் ஒரு தடவைகூட நாம் பின்னோக்கிப் போகவில்லை. நாலு தடவையும் முன்னோக்கியே கணக்குப் போட்டோம். ஆனால் பின்னோக்கிய கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. விலை எங்கே மாறுகிறது, 22-ஆ 16-ஆ என்பதையெல்லாம் ஊகிக்கிற நாம் தெரிந்துவைத்திருக்கவும் வேண்டியிருக்கவில்லை. தாளுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

மூன்று கேள்வி கேட்கும் பெட்டி

இந்த வேலையை எக்செல்லில் செய்வது கோல் சீக் என்ற வசதி. இலக்குத் தேடல் என்று தமிழில் சொல்லலாம். டேட்டா என்ற பட்டையில் வாட்-இஃப் அனாலிசிஸ் என்பதை அழுத்தினால் உள்ளே இருக்கும். காசு கொடுக்காமல் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க்கில் டூல்ஸ் பட்டியலில் இதே பெயரில் இருக்கிறது.

திறந்தால் ஒரு சின்னப் பெட்டி வருகிறது. அது கேட்பது மூன்றே கேள்விகள். எந்தக் கட்டம் மாற வேண்டும்? "கையில் நிற்பது". அதில் என்ன வர வேண்டும்? 25000. அதற்காக எந்தக் கட்டத்தை நான் தொடலாம்? "நாளுக்கு எத்தனை கிலோ". முதல் கட்டம் கணக்குக்கட்டமாக இருக்க வேண்டும். கடைசியில் சொல்லும் கட்டம் கைக்கட்டமாக இருக்க வேண்டும். வாய்பாடு இருக்கும் கட்டத்தை அது தொடாது. ஓகே அழுத்தினால் எண்கள் ஒரு கணம் துடித்து அடங்குகின்றன. 50 இருந்த இடத்தில் 71.25.

அந்தத் துடிப்பில் நடப்பது நாம் மேலே கையால் செய்ததைப் போன்ற வேலைதான். ஒரு எண்ணைப் போட்டு, வருவதைப் பார்த்து, குறையை அளந்து, திருத்தி, மறுபடி போடுவது. ஒன்றும் புதிதாகச் சொல்லாதவரை அரைத்த மாவையே அரைக்கிறார் என்போம். இந்தக் கருவி அரைத்ததையே அரைக்கிறது. ஒவ்வொரு அரைப்பிலும் கொஞ்சம் கற்றுக்கொள்கிறது. நாம் மாற்றாமல் விட்டிருந்தால் எக்செல் அதிகபட்சம் நூறு முறை முயலும். இலக்குக்கு 0.001-க்குள் வந்துவிட்டால் போதும் என்று நிறுத்திக்கொள்ளும். அதனால் சில சமயம் 71.25 வர வேண்டிய இடத்தில் கடைசிப் புள்ளியில் சிறு பிசிறு தெரியும். பயப்பட வேண்டியதில்லை, மாவை யாரும் மில்லி கிராமில் நிறுப்பதில்லை.

அந்த வட்டிக் கணக்கையும் இதே பெட்டியில் கொடுத்தேன். தவணைக் கட்டம், 3500, வட்டிக் கட்டம். வந்தது வருடத்துக்கு சுமார் 15.7 சதவீதம். எட்டே முக்காலுக்குக் கீழே என்று சொன்ன அதே கடன். இரண்டு கணக்கிலும் கூட்டல் கழித்தல் தப்பில்லை. முதல் கணக்கு, அக்கா திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் கடைசி வரை வட்டி போடுகிறது, அவ்வளவுதான். கடன் வாங்கும் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போடும் முன் இந்த ஒரு கேள்வியைப் பின்னோக்கிக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மூன்று பெட்டிகளை நிரப்பும் நேரம்தான் ஆகும்.

எண்பதுக்கு அப்பால் ஒரு பள்ளம்

71.25 என்றதும் அக்காவுக்குத் தெம்பு வந்துவிட்டது. "அப்போ இன்னும் கொஞ்சம் கூட்டி முப்பதாயிரம் வச்சுப் பாருங்களேன்" என்றார். கூடவே ஒரு தகவலும் சொன்னார். எண்பது கிலோவுக்கு மேல் என்றால் ஒரு ஆள் கைக்கு அடங்காது. இன்னொரு பெண்ணை வேலைக்கு வைக்க வேண்டும். இன்னொரு 9,000.

அதையும் தாளில் சேர்த்தேன். இந்த இடத்தில் அவசரப்பட்டு இலக்குத் தேடலை அழுத்தாமல், முதலில் முன்னோக்கி நடந்து பார்த்தோம். 80 கிலோவில் கையில் நிற்பது 29,200. 81 கிலோவில்? 20,680. ஒரு கிலோ கூட விற்றால் எட்டாயிரத்துச் சொச்சம் குறைகிறது. அங்கிருந்து மெல்ல மெல்ல ஏறி, 80 கிலோவில் கிடைத்த அதே பணத்தைத் திரும்பத் தொட ஏறக்குறைய 99 கிலோ ஆகிறது. எண்பதுக்கும் தொண்ணூற்றொன்பதுக்கும் நடுவே பத்தொன்பது கிலோ அகலத்தில் ஒரு பள்ளம். அதற்குள் விழுந்தவர் வேலையைக் கூட்டிக்கொண்டு வருமானத்தைக் குறைத்துக்கொள்வார். வளரும் சின்னத் தொழில்கள் பல மூச்சு வாங்கி நிற்பது இந்த மாதிரிப் பள்ளத்தில்தான் என்று நினைக்கிறேன். வியாபாரம் பெருகுகிறது, பணம் எங்கே போகிறது என்று தெரியவில்லை என்பார்கள்.

முப்பதாயிரத்துக்கு விடை 100.4 கிலோ. ஆனால் 50-ல் இருந்து தேடக் கிளம்பும் கருவி அந்தப் பள்ளத்தின் விளிம்பில் தடுமாறி, விடை கிடைக்கவில்லை என்று சொல்லிவிடவும் கூடும். விடை இல்லை என்பது வேறு, இந்தப் பக்கமிருந்து போனால் எட்டவில்லை என்பது வேறு.

இன்னொன்றும் கவனித்தோம். பழைய 25,000-க்கே இப்போது விடைகள் இரண்டு. கைக்கட்டத்தில் 50 இருக்கும்போது தேடச் சொன்னால் 71.25 என்கிறது. அதே கட்டத்தில் 95 என்று அடித்துவிட்டுத் தேடச் சொன்னால் 90 என்கிறது. இரண்டும் சரி. 90 கிலோவில் மாவில் நிற்பது 54,000, இரண்டு ஆள் சம்பளத்தோடு மாறாத செலவு 29,000, கையில் நிற்பது 25,000. அதே பணத்துக்கு தினமும் கிட்டத்தட்ட பத்தொன்பது கிலோ மாவு கூடுதலாக அரைக்க வேண்டும். நாம் எங்கே நின்றுகொண்டு கேட்கிறோமோ அதற்குப் பக்கத்தில் இருக்கும் விடையைக் கருவி எடுத்துக்கொடுத்துவிட்டு நின்றுவிடும். மலையின் அந்தப் பக்கம் இன்னொன்று இருக்கிறது என்று அது சொல்லாது. இரண்டு மூன்று இடங்களில் நின்று கேட்டுப் பார்ப்பது நம் பொறுப்பு.

எந்தக் கதவைத் திறப்பது

இலக்குத் தேடல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கைக்கட்டத்தைத்தான் தொடும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு; பல கட்டங்களை ஒன்றாக மாற்றிப் பார்க்க எக்செல்லில் சால்வர் என்று தனிக் கருவியும் உண்டு. ஆனால் ஒன்றே ஒன்று என்ற கட்டுப்பாடு நம்மைத் தெளிவாகக் கேட்க வைக்கிறது. அக்காவின் தாளில் ஒவ்வொரு கைக்கட்டமும் ஒரு கதவு. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம்.

விற்பனையை மட்டும் மாற்றினால் 71.25 கிலோ. விற்பனை 50-லேயே இருக்கட்டும், செலவைக் குறைத்து 25,000 கொண்டுவர முடியுமா என்று கேட்டால், கிலோவுக்கு 28 ஆகும் செலவு 20-க்கு வர வேண்டும் என்கிறது. தானியமே 24.80 ஆகும்போது இது நடக்காது. அந்தக் கதவு சுவர். விலையை மட்டும் மாற்றினால்? 50 கிலோவுக்கு 58 ரூபாய் வைக்க வேண்டும்.

"58 வச்சா அடுத்த தெருவுக்குப் போயிருவாங்க" என்றார் அக்கா.

உண்மைதான். விலை ஏறினால் எத்தனை பேர் போவார்கள் என்பது தாளில் இல்லை. அதைக் கணினியால் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆனால் அந்தத் தெரியாத எண்ணைச் சுற்றி ஒரு வேலி போடலாம். கேள்வியை இன்னொரு முறை புரட்டினோம்: விலையை 55 ஆக்கினால், இன்று கிடைக்கும் 13,000-ஐ இழக்காமல் எத்தனை கிலோ வியாபாரத்தை இழக்கலாம்? கிலோவுக்கு 27 நிற்கும். விடை 40.74. அதாவது ஐம்பதில் ஒன்பது கிலோ போய்விட்டாலும் நஷ்டம் இல்லை. எத்தனை பேர் போவார்கள் என்று கேட்டபோது அக்காவால் பதில் சொல்ல முடியவில்லை. அஞ்சு ரூபாய்க்காக ஐம்பது கிலோவில் ஒன்பது கிலோவுக்கு மேல் போய்விடுமா என்று கேட்டதும் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். கீழ்வீட்டு டீச்சர் போகமாட்டார். மெஸ்காரர் போவார், அவருக்கு மூன்று கிலோ. ஹாஸ்டல் பையன்கள் இரண்டு கிலோ. ஐந்துக்கு மேல் அவர் விரல் மடங்கவில்லை.

பிறகு 60 கிலோ வரை தெருவிலேயே போகும் என்றாரே, அந்த 60-ஐ வைத்து விலையைத் தேடினேன். மிகச் சரியாக 53 ரூபாய். மளிகைக் கடைக்குப் போட வேண்டாம், இரண்டாவது ஆள் வேண்டாம், பள்ளத்தின் பக்கமே போக வேண்டாம். நான் மகிழ்ந்து போனேன்.

அக்கா தலையை ஆட்டினார். "அம்பத்தி மூணுன்னா ரெண்டு ரூபா சில்லறைக்கு நான் எங்க போவேன்? ஜிபே பண்றவங்க சரி. பாட்டிங்க எல்லாம் நோட்டுதான் குடுப்பாங்க. 55 வைங்க. 55-க்கு எத்தனை கிலோ வருது, அதைச் சொல்லுங்க."

55.56. ஐம்பத்தாறு பாக்கெட் விற்றால் 25,360.

இப்போது போவதைவிட ஆறு பாக்கெட் கூட. விலை ஏறியதால் ஐந்து கிலோ போனாலும், பதினோரு பாக்கெட் புதிதாகப் பிடிக்க வேண்டும். பின் தெருவில் புதிதாக இரண்டு அடுக்குமாடி வந்திருக்கிறது, காலையில் சைக்கிளில் யாராவது கொண்டுபோய்க் கொடுத்தால் எடுப்பார்கள் என்று அக்காவே யோசனை சொல்லிக்கொண்டார். அதற்கு ஆகும் செலவுக்குத் தாளில் ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

சில நாள் கழித்துப் போனபோது கிரைண்டருக்கு மேலே சுவரில் சாக்பீஸால் 55 என்றும் அதன் கீழே 56 என்றும் எழுதியிருந்தது. பக்கத்தில் ஆணியில் கவர் கட்டு தொங்கியது. தினமும் காலையில் அதில் நூறு கவர் எண்ணி மாட்டிவிடுகிறாராம். ராத்திரி கடை சாத்தும்போது விற்றதை எண்ணுவதில்லை. மிச்சக் கவரை எண்ணுகிறார். நாற்பத்து நாலோ அதற்குக் கீழோ இருந்தால் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்.